கண்ணாத்தாளின் பாதி மூச்சு

வெள்ளக்கரட்டில் மனிதர்கள் மூச்சைப் பங்கு போட்டுக்கொள்ள ஆரம்பித்தது ஓர் ஆயுத பூஜைக்கு எட்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நாச்சிமுத்துவின் ஒர்க்‌ஷாப்பில், இரண்டு கார்ப்பரேட்டர் வைத்த ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் முன்னால்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் ஆரம்பித்தது என்று கேட்டால் மட்டும், வேறு வேலையில்லையா உனக்கு என்பதுபோல் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஊரில் மூச்சு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் பேச்சு.

ஊருக்குப் பேர் கொடுத்த அந்தப் பாறைக் கரட்டில் பாதியை வெட்டித் தின்றுவிட்டிருந்தது கல் உடைக்கிற கிரஷர். மீதிப் பாதியையும் தின்றுகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கல் அரைபட்ட மாவு வெள்ளையாக எழும்பி, கொடியில் காயும் சேலைமேலும், மாட்டின் முதுகுமேலும், மூடி வைக்க மறந்த இட்லி மாவுமேலும், ஓட்டுக் கேட்டு ஒட்டிய போஸ்டரில் சிரிக்கிறவர்கள் பல்மேலும் பாகுபாடில்லாமல் இறங்கும். அந்த மாவைச் சுவாசித்தவர்களை அவ்வூரில் வயதைச் சொல்லி அடையாளம் காட்டமாட்டார்கள். இன்னாருக்குக் கோயில் படி வரைக்கும் மூச்சு என்பார்கள், இன்னாருக்கு அடிபம்பு வரைக்கும் என்பார்கள். நாச்சிமுத்துவின் பெண்டாட்டி கண்ணாத்தாளுக்கு அடுப்படியிலிருந்து வாசப்படி வரைக்கும்தான் மூச்சு. பதினாறு வருஷம் கிரஷரில் ஜல்லிக்கூடை சுமந்து, அந்தக் கூலியில்தான் புருஷனுக்கு ஒர்க்‌ஷாப் வைத்துக் கொடுத்தாள். அவன் நெஞ்சு ஒரு தூசியும் படாமல் முழுசாக இருந்தது அவள் கூடை சுமந்ததால்தான் என்பது அவனுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவன், வீட்டை ஒட்டியிருந்த ஒர்க்‌ஷாப்பின் ஷட்டரை இறக்கிவிட்டு கிரீஸ் கையோடு வீட்டு வாசலுக்கு வருவான். செம்பைத் தொட்டால் செம்பும் கறுப்பாகிவிடும் என்று, அவள் வாசப்படி வரைக்கும் இருக்கிற அந்த மூச்சைச் செலவழித்து வந்து, அவன் கையில் சோப்புத்தூள் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள்.

வண்டி நாச்சிமுத்துவுடையது அல்ல, கிரஷர் முதலாளி தெய்வசிகாமணியுடையது. காலேஜில் படித்த காலத்தில் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கியது. இப்போது காரில் போகிறவர் என்றாலும் வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜையன்று, அதில் ஏறிக் கிரஷரை மூன்று சுற்றுச் சுற்றுவார். மற்ற நாளெல்லாம் அது நாச்சிமுத்துவின் ஒர்க்‌ஷாப் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். பூஜைக்கு எட்டு நாள் இருக்கும்போது அவன் தார்ப்பாயை எடுத்து, ஒவ்வொரு வருஷமும் செய்கிற அதே வேலையைச் செய்வான். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்ப்பரேட்டர், இரண்டையும் தூக்க ஒரே ஆக்சிலேட்டர் கேபிள். ஒன்று நூலளவு முந்தினாலும் வண்டி நொண்டும். இரண்டும் ஒரே அளவு காற்றைக் குடிக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்காக ஒரு பலகையில் குளுக்கோஸ் டியூபை வளைத்து ஆணியடித்து, பாதிக்கு நீல ஆயில் ஊற்றி வைத்திருந்தான். டியூபின் ஒரு முனை இடது கார்ப்பரேட்டருக்கு, மறுமுனை வலதுக்கு. எந்தப் பக்கம் அதிகம் உறிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். ஸ்க்ரூவைத் திருகித் திருகி, ஆயில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றால் வேலை முடிந்தது.

ஆனால் ஆயிலை மட்டும் நம்புகிறவன் இல்லை நாச்சிமுத்து. இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி, ஏர் ஃபில்டர் கழற்றிய கார்ப்பரேட்டர் வாய்க்கு நேராக, அடைத்துவிடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு உள்ளங்கையைக் காட்டச் சொல்வான். ஒரே அளவுக்கு இழுக்கிறதா என்று இருவரையும் மாற்றி மாற்றிக் கேட்பான். அதற்கும் மேலே, ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தன் காதில் செருகி, மறுமுனையை இந்த வாய்க்கும் அந்த வாய்க்கும் கொண்டுபோய்ச் சீறலைக் கேட்பான். அவன் காது அப்படிப்பட்ட காது. இன்னும் வளைவு திரும்பிக் கண்ணில் படாத வண்டியின் மூச்சை வைத்தே அது யாருடையது, அதற்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை இடது பக்கம் கை காட்டியவன் அர்த்தநாரி. கிரஷரில் பாறைக்கு ஓட்டை போடும் டிரில்லர். மூச்சு கோயில் படியிலிருந்து அடிபம்புக்கு இறங்கியிருந்த நேரம் அது. டீக்கடைக்குப் போகிற வழியில் முடியாமல் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்தவனை, சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் கையையாவது காட்டு என்று நாச்சிமுத்து எழுப்பி நிறுத்தினான். வலது பக்கம் அர்த்தநாரியின் மச்சான் மாரப்பன். பஸ் கண்டக்டர். அவன் விசிலடித்தால் மூன்று ஸ்டாப்பிங் தாண்டிக் கேட்கும் என்று பேர்.

ஆயில் இரண்டு பக்கமும் சமமாக நின்ற கணத்தில் அர்த்தநாரியின் நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த கீச்சுச் சத்தம் நின்றது. அவன் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

"மச்சா, நெஞ்சு தொறந்துக்கிச்சு" என்றான்.

மாரப்பன் வலது கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டான். "எனக்குச் சித்தே இறுக்கறாப்ல இருக்குது. காலைல தின்ன பரோட்டாவா இருக்கும்."

பரோட்டா இல்லை என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. அர்த்தநாரி கோயில் படி அறுபதையும் ஏறி இறங்கினான். மாரப்பனின் விசில் இரண்டாவது ஸ்டாப்பிங்கோடு நின்றுபோனது. அடுத்த நாள் காலை ஒர்க்‌ஷாப் முன்னால் பதினோரு ஜோடி நின்றது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் கும்பிடவில்லை. "வாங்குறவங்க எடப்பக்கமுங்களா, சோத்தாங்கைப் பக்கமுங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். நாச்சிமுத்துவும் ரேஷன் கடையில் வழி சொல்கிறவன் மாதிரி, வாங்குகிறவர்கள் இடது, கொடுக்கிறவர்கள் வலது என்றான்.

ஒரு மாசத்துக்குள் அதற்கு முறை ஏற்பட்டுவிட்டது. முதலில் புருஷன்மாருக்குப் பெண்டாட்டிமார் கொடுத்தார்கள், பிறகு மகன்களுக்குத் தாய்மார் கொடுத்தார்கள். எப்போதும் பொம்பளைகளே வலப்பக்கம் நிற்கிறார்களே என்று கிணற்றடியில் பேச்சு கிளம்பியதும், பெரியவர்கள் கூடி, அக்கா தங்கச்சிக்கு அண்ணன் தம்பிதான் கொடுக்கவேண்டும், அது மாமன் சீரோடு சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மூச்சுச் சீர் என்று அதற்குப் பேரும் வந்தது. தட்டத்தில் தேங்காய் பழம் வெற்றிலையோடு வந்து, அக்கா தங்கச்சிக்கு மாலை போட்டு, உடன்பிறந்தவன் வலது வாயில் கை காட்டுவான். பெண் பார்க்கப் போன இடத்தில் கல்யாணத் தரகர்கள் குரலைத் தாழ்த்தி, "மாப்ளைக்கு முழு மூச்சுங்களா, பங்கு மூச்சுங்களா?" என்று கேட்டார்கள். பங்கு மூச்சு என்றால் யாரோடு பங்கு என்ற கேள்வி வரும், அந்தக் குடும்பத்தையும் போய் விசாரிப்பார்கள். கிரஷர் ஆபீசில், நின்றுபோன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வேலைக்கு வந்ததைப் பார்த்து முதலாளி சந்தோஷப்பட்டார். ஏன் வந்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை. யாரோ சொல்லக் காதில் விழுந்ததை ஊர்க்கதை என்று தள்ளிவிட்டு, இன்னொரு அரைவை மிஷினுக்கு ஆர்டர் கொடுத்தார்.

ஊருக்கெல்லாம் சமன் பார்த்துக் கொடுத்த நாச்சிமுத்துவால் தன் பெண்டாட்டிக்குப் பார்க்க முடியவில்லை. தன் மூச்சை அவளுக்குக் கொடுக்க நான்கு முறை முயன்றான். இடது பக்கம் அவளை நிறுத்தி, தன் இடது கையை வலது வாயில் காட்டி, வலது கையால் ஸ்க்ரூவைத் திருகினான். ஆயில் நிற்கவே இல்லை. அவன் கை காட்டியவுடன் குதிக்கும், கை எடுத்தால் அடங்கும். அளக்கிறவன் கை அளவுக்குள் வந்தால் அளவு கெட்டுவிடுகிறது என்று புரிந்தபோது, வாழ்நாளெல்லாம் பெருமையாக நினைத்திருந்த அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்றிருந்தது அவனுக்கு. ஸ்க்ரூவை வேறு யாரிடம் கொடுத்தாலும் வண்டி நொண்டியதே தவிர ஆயில் மட்டத்துக்கு வரவில்லை.

முறைப்படி கொடுக்கவேண்டியவன் கண்ணாத்தாளின் ஒரே தம்பி பொன்னுரங்கம். தாராபுரத்திலிருந்து, இரண்டு முறை ஆள் அனுப்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஸ்வீட் பாக்கெட்டும் கொண்டுவந்தான். அக்காள் இடது பக்கம் மாலையோடு நின்றாள். நாச்சிமுத்து வண்டியை ஸ்டார்ட் செய்தான். பொன்னுரங்கம் கையை நீட்டினான், கார்ப்பரேட்டர் வாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"சுடுதுங்க மச்சான்" என்றான்.

"கார்ப்பரேட்டர் எங்கடா சுடும்? சிலிண்டருதான சுடும்" என்றான் நாச்சிமுத்து.

"இல்லீங், சுடுது. பொறகு ஒருநாளைக்கு வாரனுங். கெணத்துல மோட்டாரு போட்டு உட்டுட்டு வந்தனுங்..."

அவன் பஸ் ஏறுகிற வரைக்கும் கண்ணாத்தாள் சிரித்த முகமாக இருந்தாள். பஸ் போனதும் மாலையைக் கழற்றி வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, மூச்சை இரண்டு தவணையாக இழுத்தாள். முதலில் ஒரு சின்ன இழுப்பு, கொஞ்சம் நின்று இன்னொரு இழுப்பு. கல்யாணமான நாளிலிருந்து நாச்சிமுத்துவுக்குத் தெரிந்த இழுப்பு அது. அழுகை வராமல் தடுப்பதற்கு அவள் செய்வது.

"உடுங். ஆரோட மூச்சும் எனக்கு வேண்டாம். என்ற மூச்சு கல்லுக்குப் போச்சு, போவுட்டும்" என்றாள்.

"நானிருந்தும் இப்படிப் பாத்துட்டு இருக்கறனே கண்ணாத்தா."

"இருக்கறீங்கல்ல, அது போதுமுங். கைய நீட்டுங், தண்ணி ஊத்தறேன்."

மாசி மாசத்தில் மாரப்பனின் பெண்டாட்டி வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் உட்கார்ந்தாள். விசில் முதல் ஸ்டாப்பிங்குக்கே கேட்கவில்லையாம், வாயில் வைத்து ஊதினால் வெறும் காற்றுத்தான் வருகிறதாம். மாரப்பன் ஒரு பீடி குடித்தவனில்லை, கிரஷர் பக்கம் தலை வைத்துப் படுத்தவனில்லை. ஆனால் அர்த்தநாரி தினமும் டிரில்லைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் நின்றான். இவன் நெஞ்சில் இறங்கிய மாவு நாற்பது மைலுக்கு அந்தப்பக்கம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவனின் நெஞ்சிலும் இறங்கியிருக்கிறது. ஒரே கேபிளில் தொங்குகிற இரண்டில் ஒன்று மட்டும் எப்படித் தாழும்? இது நாச்சிமுத்துவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும்.

"கழட்டி உட்ருங்கண்ணா. குடுத்ததுல கால்வாசியாச்சும் வரட்டும்" என்று அவள் அழுதாள்.

அவன் இரண்டு கார்ப்பரேட்டரையும் கழற்றினான். ஜெட், மிதவை, ஸ்ப்ரிங், ஸ்லைடு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியில் பரப்பினான். மாரப்பனுக்கு ஒன்றும் திரும்பவில்லை. வண்டியைப் பிரிக்கலாம், சேர்ந்துபோன மூச்சைப் பிரிக்க முடியாது என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டேகால் மணிக்கு அர்த்தநாரி பாறைமேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதே இரண்டேகாலுக்கு, பஸ்ஸ்டாண்டில் விசிலை வாயில் கவ்வியபடி மாரப்பன் படிக்கட்டில் சாய்ந்தான். இரண்டு சாவுக்கும் ஒரே நேரத்தில் போகவேண்டியிருந்ததால் ஊர் இரண்டாகப் பிரிந்து போனது. அதற்கப்புறம் புதிதாக யாரும் தட்டத்தோடு வரவில்லை. ஏற்கனவே பங்கு போட்டவர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். வெளியூரில் இருக்கிற பங்காளிக்கு லேசாக இருமல் என்று கேள்விப்பட்டால் இங்கே இருப்பவன் அடுத்த பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இன்றைக்கு ஒருநாள் வேலைக்குப் போகாமல் இரு என்று வலப்பக்கத்துக்காரர்கள் போன் போட்டுக் கெஞ்சினார்கள். இடப்பக்கத்துக்காரர்கள் போனை எடுக்காமல் கிரஷருக்குப் போனார்கள், போகாவிட்டால் சாப்பிடுவது எப்படி?

அர்த்தநாரியின் சாவுக்குப் போய்வந்த அன்று, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதுதான் நாச்சிமுத்துவுக்கு அந்த யோசனை வந்தது. பலநாள் நொண்டிய வண்டிக்கு எங்கே கோளாறு என்று பிடிபட்ட மாதிரி வந்தது. மாவு கிளம்புவதை நிறுத்தக் கூடியவர் ஊரில் ஒரே ஒருவர், முதலாளிதான். தண்ணீர் பீச்சுகிற குழாய் போட்டால் பாதி மாவு அடங்கும், தகரக் கொட்டகை போட்டு மூடினால் மீதியும் அடங்கும் என்று சர்க்கார் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போய்ப் பத்து வருஷமாகிறது. அவருக்கு நெஞ்சு நன்றாக இருக்கிறது, அதனால் காது கேட்கவில்லை. அவர் நெஞ்சையும் இந்தக் கேபிளிலேயே மாட்டிவிட்டால்? ஒன்று தாழ்ந்தால் மற்றதும் தாழும் என்றால், தான் தாழாமல் இருக்க அவர் மற்றதைத் தாழவிடமாட்டார். கண்ணாத்தாளுக்கும் மூச்சு கிடைக்கும், ஊருக்கும் மாவு நிற்கும். கார்ப்பரேட்டர் விஷயத்தில் ஒருநாளும் பிசகாத அவன் கணக்கு மனுஷன் விஷயத்திலும் பிசகாது என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

தெய்வசிகாமணியிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆயுத பூஜையன்று கடைசியாக ஒருமுறை சமன் பார்க்கும்போது வலது வாயில் தன் கைதான் இருக்கவேண்டும் என்பார். இளவட்டமாக இருந்தபோது வந்த பழக்கம். இடது வாய்க்கு எப்போதும் டிரைவர்; அவனுக்கும் முழு மூச்சு என்பதால் போன வருஷம் எதுவும் கைமாறவில்லை. அந்த வருஷமும் சந்தனம் வைத்த நெற்றியோடு வந்து, மோதிரத்தையெல்லாம் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "எங்கடா என்ற வாயி?" என்று சிரித்தபடி வலப்பக்கம் நின்றார். பூசணிக்காய் ஒன்று குறைகிறதென்று டிரைவரைச் சந்தைக்கு அனுப்பியிருந்தான் நாச்சிமுத்து.

"எடப்பக்கம் ஆரு?"

"நம்ம ஊட்ல நிப்பாங்க. கண்ணாத்தா, இப்படி வா."

பொரித்தட்டோடு வாசலில் நின்றவளுக்கு ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. அவள் முதலாளியின் கையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். முப்பது வருஷத்தில் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டிராதவன், அன்று கண்ணால் கெஞ்சினான். தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் கையைக் காட்டினாள். ஆயில் ஏறி, இறங்கி, ஏறி, நின்றது.

அவள் ஒரு மூச்சு இழுத்தாள். அது முடிகிற இடம் வந்தும் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. "பெட்ரோல் வாசம் அடிக்குதுங்" என்றாள். அப்புறம், "பொரி வாசமும் அடிக்குது" என்றாள். கூடை தூக்கிய நாளிலிருந்து அவளுக்குக் கல்லின் வாசம் தவிர எதுவும் அடித்ததில்லை. முதலாளி வண்டியில் ஏறிக் கிரஷரை முதல் சுற்றுச் சுற்றினார், இரண்டாம் சுற்றில் இருமினார், மூன்றாம் சுற்றைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காரில் ஏறிப் போனார். கண்ணாத்தாள் வாசப்படியைத் தாண்டி அடிபம்புக்கு நடந்தாள், அடிபம்பைத் தாண்டிக் கோயிலுக்கு நடந்தாள். கோயிலில் உட்கார்ந்து, பாவம் பண்ணிவிட்டோமா என்று கேட்டாள். பண்ணவில்லை என்று நாச்சிமுத்து சொன்னான்.

ஒரு வாரம் கழித்துத் தெய்வசிகாமணி தனியாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"மூணு டாக்டர் பாத்தாச்சு. எக்ஸ்ரேல நெஞ்சு சுத்தமா இருக்குதுங்கறாங்க. மாடிப்படி ஏற முடியல. ஆபீஸ்ல பசங்க என்னமோ சொல்றாங்க. நெசமா?"

"நெசமுங்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தான், போலீஸைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தான். அவர் ஸ்டூலில் இருந்தபடியே டியூபை விரலால் தட்டி, நீல ஆயில் ஆடி அடங்குவதைப் பார்த்தார். "அம்மணிக்கு மாவு பட்டா எனக்கும் படுமா?" என்று கேட்டார்.

"ஆமாங். மாவ நிறுத்துனீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லதுங். ஊருக்கும் நல்லதுங்."

"செரி. பண்ண வேண்டியதப் பண்றேன்" என்று எழுந்து போனார்.

மறுநாள் கிரஷர் ஓடவில்லை. அதற்கு மறுநாளும் ஓடவில்லை. சத்தம் நின்றதில் ஊருக்குக் காது அடைத்துக்கொண்டது. கொடியில் காய்ந்த சேலை போட்ட நிறத்திலேயே திரும்பி வந்ததைப் பெண்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் கரட்டின் மிச்சப் பாதி, அதன் உச்சியிலிருந்த ஒற்றை வேப்பமரத்தோடு, பளிச்சென்று தெரிந்தது. பங்கு மூச்சுக்காரர்கள் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவனும் அந்த மூன்று நாள் தலை நிமிர்ந்து நடந்தான்.

நான்காம் நாள் காலையில் ஒரு வெள்ளைக் கார் வந்து அவன் வீட்டு முன்னால் நின்றது. அதிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கினாள். ஏற்காட்டில் முதலாளிக்கு ஒரு பங்களா இருக்கிறது, தூசி என்ற பேச்சே அங்கே கிடையாது, கண்ணாடி ஜன்னல், வெந்நீர், வேளாவேளைக்குச் சாப்பாடு, அம்மணியை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளப்போகிறோம் என்றாள். முதலாளி காருக்குள்ளேயே இருந்தார்.

"நானும் வாரனுங்" என்றான் நாச்சிமுத்து.

ஜன்னல் கண்ணாடி நான்கு விரல் இறங்கியது. "நீ எப்படியப்பா? உன்ற துணிமணி, மயிரு, நகக்கண்ணு எல்லாம் கல்லுமாவு, பெட்ரோலு. அம்மணி நெஞ்சுக்கு ஆகாது. நாம் பாத்துக்கறேன், என்ற நெஞ்சாட்டம் பாத்துக்கறேன்." அதில் பொய் ஒன்றுமில்லை.

"நாம் போவலீங்" என்றாள் கண்ணாத்தாள்.

போகச் சொன்னவன் நாச்சிமுத்துதான். இங்கேயிருந்தால் மறுபடியும் வாசப்படி வரைக்கும் என்றாகிவிடும் என்றான், பிறகு அடுப்படி வரைக்கும், பிறகு பாய் வரைக்கும் என்றான். அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சை இரண்டு தவணையாக இழுத்தாள். காருக்குள் முதலாளியும் அதேபோல் இழுத்தார், எதற்கென்று தெரியாமல் மார்பைத் தடவிக்கொண்டார். கார் வளைவு திரும்பிய அரைமணி நேரத்தில் கிரஷர் ஓட ஆரம்பித்தது. புது மிஷினையும் சேர்த்து ஓட்டினார்கள். சாயங்காலத்துக்குள் வேப்பமரம் மறைந்துபோனது. அதற்கடுத்த நாள் ஆட்கள் வந்து மோட்டார் சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், குளுக்கோஸ் டியூப் பலகையையும் விடவில்லை.

கார்த்திகையில் ஒருமுறை, புது வேட்டி சட்டை வாங்கி, நகத்தை ஒட்ட வெட்டி, மூன்று தடவை குளித்து, அவன் ஏற்காட்டுக்குப் போனான். கண்ணாத்தாள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புல்தரையில் அவனோடு கேட் வரைக்கும் நடந்து வந்தாள். இரைக்கவே இல்லை. "இங்க நாந் தண்ணி ஊத்தறதுக்கு ஒரு கறுத்த கை இல்லீங்" என்றாள். அவன் போய்வந்த மறுநாளிலிருந்து முதலாளிக்கு மூன்று நாள் மூச்சு இழுத்துக்கொண்டது. இனிமேல் வரவேண்டாம் என்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போனில் பேசினால் அம்மணிக்கு நெஞ்சு படபடக்கிறது என்று அதையும் நிறுத்தினார்கள்.

ஊர் இதையும் விழுங்கிக்கொண்டது. குடுத்து வைத்தவள் கண்ணாத்தாள் என்றார்கள். பங்கு மூச்சுக்காரர்கள் ஜோடி ஜோடியாகச் சாக ஆரம்பித்தபோது, ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் சங்கு ஊதுவது வழக்கமாகிவிட்டபோது, பேச்சு மாறியது. அர்த்தநாரியின் பெண்டாட்டி ஒருநாள் நட்டநடுத் தெருவில் அவனை நிறுத்தினாள்.

"வருசா வருசம் பூசையன்னிக்கு வலது வாயில மொதலாளி கைதான் இருக்கும்னு உனக்குத் தெரியுமில்ல? மொத வருசமே எடப்பக்கம் என்ற ஊட்டுக்காரர நிறுத்தீருக்கலாமில்ல? உன்ற பொண்டாட்டிக்கு மட்டுந்தான் நெஞ்சா?"

யாரை நிறுத்தியிருந்தாலும் அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு மலைக்குத்தான் போயிருப்பார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் பேசி முடித்து, இரைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போகிற வரைக்கும் நின்றான்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கிரஷர் ஆபீசில் எல்லோருக்கும் பொரி கொடுத்தார்கள். நாச்சிமுத்துவும் வரிசையில் போனான். தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்து தன் கையால் கொடுத்துக்கொண்டிருந்தார். மூக்கில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கிட்டே போனதும் நாச்சிமுத்துவின் காது தானாக விழித்துக்கொண்டது. ரப்பர் குழாய் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெரிய உடம்புக்குள், அகலமான நெஞ்சுக்குள், அவன் முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. இழுக்கும்போது கொஞ்சம் அவசரம், விடும்போது நிதானம். அவள் நடக்கிறாள், படியேறவில்லை, சமதரைதான். பொரியை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றான்.

"என்ன நாச்சிமுத்து?"

"ஒண்ணுமில்லீங். ஒடம்பு எப்படிங்க இருக்குது?"

"பகலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பொழுது சாயறப்பத்தான் என்னமோ..." என்றவர் பாதியில் நிறுத்தினார். ஒரு சின்ன இழுப்பு. கொஞ்சம் நின்று, இன்னொரு இழுப்பு. மார்பைத் தடவிக்கொண்டார். "இதா, இதேதான். தெனமும் இப்படி விக்குது. டாக்டருக்கே புடிபடல."

நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தரை. பொரியைப் பிடித்திருந்த கையில் காலையில் பூஜைக்குத் துடைத்த வேறொரு வண்டியின் கிரீஸ் அப்படியே இருந்தது.

மறுநாளிலிருந்து அவன் ஷட்டரை இறக்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. கையைக் கழுவாமல் கிரஷர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, மாவு கொட்டுகிற இடத்தில் வந்து நின்றான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி அந்தப் பக்கம் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தரைக்கு மூச்சு இரண்டு தவணையாக வரும். அவன் தன் கறுத்த கைகளை, தண்ணீருக்கு நீட்டுகிற மாதிரி ஜன்னலுக்கு நேராகச் சேர்த்து நீட்டுவான். மூச்சு அடங்கிச் சீராகிறவரை அப்படியே நிற்பான். வெள்ளை மாவு அவன் உள்ளங்கையில் இறங்கிக்கொண்டிருக்கும்.